அஸ்வாங் வீட்டுச் சாப்பாடு

அத்தியாயம் 11

போன வாரம் ஓடிப்போன நடிகையை இனிமேல் தேடிப் பயனில்லை. "நீங்க நடிக்கப் போற வீடுதான் ஊர்ல எல்லாரும் அஸ்வாங் பேய் வீடுன்னு சொல்றது" என்று முச்சக்கர வண்டிக்காரன் பேச்சுவாக்கில் சொன்னதும், அந்தப் பெண் பெட்டியைக்கூட இறக்காமல் அதே வண்டியில் பேருந்து நிலையத்துக்குத் திரும்பிவிட்டாள். ரோடெல் கையில் மிஞ்சியது கல்யாணம் எடுக்க வாங்கிய ஒரு கேமரா, தலையும் வாலும் மாறிக்கொண்டே இருந்த ஒரு பேய்க்கதை, பிறகு அவனைப் பெற்ற அம்மா சலுத்.

"நானாய், நீங்களே அஸ்வாங்கா நடிச்சிடுங்களேன்" என்று அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல சலுத்துக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தேவைப்பட்டது.

"சரி, நடிக்கிறேன்" என்றாள் காலையில். "ஆனா வர்றவங்களுக்கு மதியச் சாப்பாடு என் அடுப்புலதான். வெளியில வாங்கக் கூடாது."

பல் துலக்கிக்கொண்டிருந்த ரோடெல் நுரையைத் துப்பினான். "பேயைத் துரத்துற கூட்டத்துக்கு ஊர்ல பாதிப் பேரைக் கூப்பிட்டிருக்கேன். அவங்க யாரும் இங்க..." என்று இழுத்தான்.

"சாப்பிடறது அவங்க இஷ்டம். சமைக்கிறது என் இஷ்டம்."

இதற்குமேல் அவளிடம் பேச முடியாது என்று மகனுக்குத் தெரியும். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

சலுத் வீட்டில் வெளியாள் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டு வருஷக்கணக்காகிறது. ஊர் கெட்ட ஊர் என்று சொல்லிவிட முடியாது. வழியில் பார்த்தால், "மனாங் சலுத், வெயில் எப்படிக் கொளுத்துது பாருங்க" என்று அக்கா முறை வைத்து நின்று பேசும். பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை அவளிடம்தான் தைக்கக் கொடுக்கும். அவள் தைத்ததை உடுத்திக்கொள்ளும், அவள் சமைத்ததை மட்டும் தொடாது. பண்டிகைக்கு அவள் கொடுத்தனுப்பும் அரிசிப் பலகாரம், "எங்க வீட்ல இனிப்பு ஒத்துக்கறதில்ல" என்ற மரியாதையான சொல்லோடு தட்டு மூடியபடியே திரும்பி வரும்.

இத்தனைக்கும் காரணம் அவள் புருஷன் அன்செல்மோவின் சிறுநீரகம். உப்பை அடியோடு நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குத் தனியாக, மற்றவர்களுக்குத் தனியாக என்று சமைக்க மனம் வராமல், வீடு முழுவதற்கும் உப்பில்லாமலே பொங்கிப் பழகிவிட்டாள். அவர் போய்ச் சேர்ந்தபோது, ஜெபத்துக்கு வந்த ஊர்சனத்துக்கும் கைப்பழக்கத்தில் அப்படியே சமைத்துப் போட்டாள். அழுது ஓய்ந்து கிடந்தவளுக்கு வாயில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

உப்பு ஆகாதது அஸ்வாங்குக்குத்தான் என்பது அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். முதல் கவளத்தை வாயில் வைத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர்கூட அவளிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

ஊர் ஒதுக்கியதை சலுத் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாதது எர்மி விஷயம். மகளைக் கட்டிக்கொடுத்தது அதே ஊரில், சர்ச்சுக்கு அந்தப் பக்கம். மருமகன் கப்பல் வேலைக்காரன். வருஷத்தில் பெரும்பாதி கடல்தான் அவனுக்கு வீடு. எர்மி உண்டானதும் அவள் மாமியார் பசிங் கையில் பழக்கூடையோடு வந்தாள்.

"சம்பந்தியம்மா, குழந்தை பொறக்கிற வரைக்கும் எர்மி இங்க வராம இருக்கட்டும். நான் அதெல்லாம் நம்பறவ இல்ல. ஊர் வாயை மூட முடியாது பாருங்க. நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்களத்தானே சொல்லுவாங்க."

வயிற்றுப்பிள்ளைதான் அஸ்வாங்குக்கு விருப்பமான தீனி. கூரைமேல் குந்திக்கொண்டு நூல் மாதிரி நாக்கை இறக்கி உறிஞ்சிவிடும் என்பார்கள். சலுத் சிரித்த முகமாகவே தலையாட்டினாள். அதற்குப் பிறகு மகளைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மட்டும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முதுகை. மகளின் வயிறு எவ்வளவு வந்திருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. இப்போது எட்டாம் மாதம்.

ஆகவே படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சலுத்துக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்குக் கூட்டம் வரும். கூட்டத்தோடு கூட்டமாக எர்மியும் வந்துவிட மாட்டாளா, வந்து தன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட மாட்டாளா என்பதுதான் அவள் கணக்கு. பசிங் வேறு இன்று உறவுக்காரர் திவசத்துக்காக டவுனுக்குப் போகிறாளாம். அடுப்பை ஊதும்போதெல்லாம் இதுவேதான் நினைப்பு.

துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் போட்டுப் புளிப்பாக ஒரு குழம்பு. வறுத்த மீன். பானை நிறையச் சோறு. குழம்பை மூன்று தடவை வாயில் விட்டுப் பார்த்தாள். அதுவும் போதாமல், மேசைக்கு நட்டநடுவில் ஒரு கிண்ணத்தில் கல்லுப்பைக் கும்பாரமாகக் குவித்து வைத்தாள். 

ரோடெலின் கதை இதுதான். தன் புருஷனை ஊர் அடித்துக் கொன்றதற்காகப் பழிவாங்க வருகிறது ஓர் அஸ்வாங். வீடு வீடாகப் போகிறது. போன வீட்டிலெல்லாம் கரோக்கி மைக்கைப் பிடித்து விடிய விடியப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் தூங்குவதாக இல்லை. தூங்கினால்தானே நாக்கை இறக்க முடியும். பட்டினி கிடந்து கிடந்து அஸ்வாங்கே இளைத்துப்போகிறது. பயமுறுத்த வேண்டும், சிரிக்கவும் வைக்க வேண்டும், இரண்டையும் ஓசியில் செய்ய வேண்டும். ராத்திரி விளக்குக்கு வாடகை கொடுக்க வக்கில்லாததால் லென்ஸ்மேல் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டிப் பட்டப்பகலை நிலாவெளிச்சம் ஆக்கியிருந்தான். அஸ்வாங் கூரையில் ஏற வேண்டிய காட்சி, சலுத்தின் மூட்டுவலியை உத்தேசித்து, ஜன்னல் வழியாக வருவதாக மாறியது.

ஒப்பனைக்கு வந்தவள் சுசெட். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். சலுத்தை எவ்வளவு கோரமாக்கப் பார்த்தாலும் கடைசியில் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு பூசாமல் அவள் கை நிற்கவில்லை.

"சுசெட், இது பேய்" என்றான் ரோடெல்.

"பேயா இருந்தா என்ன, முகம் களையா இருக்க வேணாமா? மனாங்குக்கு எலும்பு அமைப்பு எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?"

யாராவது தன் முகத்தை இவ்வளவு நேரம் கையில் ஏந்திப் பார்த்து வெகுகாலமாகிவிட்டது. சலுத் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பூசினால் தேவலை என்றிருந்தது.

ஊர்சனம் வந்தது. பேய் விரட்டும் சாமான் ஏதாவது கிடைத்தால் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள் என்று ரோடெல் சொல்லியிருந்தான். தேடி எடுக்க நேரமாகும் என்று நினைத்திருந்தான். ஒரு நொடியில் கொண்டுவந்துவிட்டார்கள். சரம் சரமாகப் பூண்டு, ஈர்க்குமாறு, திருக்கைமீன் வாலில் செய்த சாட்டை. அந்த வால் பட்டால் அஸ்வாங்குக்குத் தோல் உரியும் என்பது ஐதீகம். எல்லார் வீட்டிலும் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்திருக்கிறது. சலுத் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாதாமாதம் தன்னிடம் பாவாடைக்கு இடுப்பளவு கொடுக்கும் பெண்ணின் கையில் இருந்த சாட்டை எண்ணெய் போட்டுப் பளபளவென்றிருந்தது.

"மனாங், தப்பா எடுத்துக்காதீங்க. படத்துக்குத்தான்" என்றாள் அந்தப் பெண்.

"எடுத்துக்கல, எடுத்துக்கல. நல்லா ஓங்கிப் பிடி, கேமராவுல தெரியணும்ல."

துரத்தல் காட்சியில் ஊர் அபாரமாக நடித்தது. சொல்லிக்கொடுக்காத வசனமெல்லாம் வந்தது. "எங்க கோழியைத் தின்னவளே" என்றார் ஒருவர். "உன் கண்ணு பட்டுத்தான் என் பேரனுக்குக் காய்ச்சல்" என்றார் இன்னொருவர். ரோடெல் எழுதியது, "அதோ ஓடுது, பிடி" என்ற ஒரே வரிதான். வருஷக்கணக்காக முதுகுக்குப் பின்னால் பேசியதை இன்று முகத்துக்கு நேரே கேட்டுக்கொண்டு சலுத் வரப்பில் ஓடினாள். நடுவில் மூச்சு வாங்கி நின்று, "கொஞ்சம் இருங்கப்பா, பேய்க்கு மாரடைக்குது" என்றதும் கூட்டம் சிரித்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் எல்லாரும் எட்டியே நின்றார்கள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. மேசை நிறையத் தட்டுகள். படக்குழு வந்து உட்கார்ந்து நிமிராமல் சாப்பிட்டது. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது, கல்யாண வீடியோக்காரர்கள் எங்கே போட்டாலும் சாப்பிடுவார்கள். ஊர்க்காரர்கள் எதிர்ப்பக்கத்து மாமரத்தடியில் தங்கள் வாழையிலைப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். சலுத் பேய் வேஷத்தோடே கரண்டியும் கையுமாக அங்கே போனாள்.

"ஒரு வாய் குழம்பாவது ஊத்திக்கோங்களேன்."

"இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டேன், மனாங்."

"எனக்கு வாயுத் தொல்லை. துவரை ஆகாது."

"நான் இன்னிக்கு ஒருசந்தி" என்றவர் வாயில் சோறு இருந்தது.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். கரண்டியிலிருந்த குழம்பு ஆறிப்போயிருந்தது. அதைத் திரும்பப் பானையில் ஊற்றும்போது, செத்துப்போன அன்செல்மோமேல் அவளுக்கு அநியாயமாகக் கோபம் வந்தது. என்னை இப்படி நிறுத்திவிட்டு நீர் பாட்டுக்குப் போய்விட்டீரே என்று நினைத்தாள்.

பிறகு ஜன்னல் காட்சி. கர்ப்பிணியாக நடிக்க வயிற்றில் தலையணை கட்டிய பெண் பாயில் படுத்திருந்தாள். ஜன்னலில் சலுத்தின் முகம் தெரிந்தது. வாயில் சிவப்புச் சாட்டின் துணியில் தைத்த நாக்கு. அவ்வளவுதான், அந்தப் பெண் எழுந்த வேகத்தில் தலையணை கீழே விழுந்தது. தலையணையைப் பெற்றுப் போட்டுவிட்டுத் தாய் ஓடிவிட்டாள். அவள் இந்த ஊரே இல்லை, பக்கத்து ஊர். சேதி அங்கேயும் போயிருக்கிறது.

"வேற யாராவது படுங்க" என்றான் ரோடெல். யாரும் அசையவில்லை. சுசெட்கூட, "எனக்கு முதுகுவலி" என்றாள்.

"நான் படுக்கிறேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெரிய ஓலைத்தொப்பி முன்னால் வந்தது. தொப்பியைக் கழற்றினால் எர்மி. புருஷனின் தொளதொள சட்டைக்குள்ளும் வயிறு தனக்கென்று இடம் பிடித்திருந்தது. சலுத் துணிநாக்கைத் துப்பினாள்.

"வேணாம் இந்தாய். நீ வீட்டுக்குப் போ" என்றாள். சின்ன வயதில் மகளைக் கூப்பிட்ட செல்லப்பெயர் தானாக வந்துவிட்டது.

"படம்தானே நானாய்."

"உனக்கும் எனக்கும் படம். அவங்களுக்கு?"

"அவங்களுக்காக எத்தனை மாசம் உங்களைப் பாக்காம இருக்கறது? டேய் ரோடெல், தலையணை வேணாம், எங்கிட்ட சொந்தமாவே இருக்கு. எங்க படுக்கணும்?"

எர்மி படுத்தாள். ஊர் வாசலிலும் ஜன்னலிலும் முண்டியடித்து நின்றது. சலுத் ஜன்னல் வழியாகக் குனிந்தாள். துணிநாக்கைத் திரும்பவும் கவ்வியிருந்ததால் அவளால் எதுவும் பேச முடியாது. கதைப்படி அவள் பல்லைக் காட்டி, நகத்தை விரித்து வயிற்றின்மேல் வைக்க வேண்டும்.

வைத்தாள்.

உள்ளே குழந்தை புரண்டது. முட்டியோ குதிகாலோ, ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையை அழுத்திவிட்டு நகர்ந்தது. எர்மி படுத்தபடியே அம்மாவைப் பார்த்து, "தெரியுதா?" என்றாள் மெல்ல.

"பல்லைக் காட்டுங்க நானாய்" என்றான் ரோடெல் கேமராவுக்குப் பின்னாலிருந்து.

அவளால் முடியவில்லை. பெற்ற மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க அவளுக்குப் பேய் வேஷம் வேண்டியிருந்தது. அதை நினைத்ததும் அழுகை வந்தது. கண்ணில் தீட்டிய கரிமை கன்னத்துச் சிவப்பில் கலந்து ஓடியது. கையை மட்டும் எடுக்கவில்லை. இன்னொரு தடவை புரளாதா என்று காத்திருந்தாள். புரண்டது. ரோடெலுக்கு கட் சொல்லவே தோன்றவில்லை.

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து மாமரத்தடிக்குப் போனார்கள். பொழுது இருக்கும்போதே வரப்புக் காட்சியில் மிச்சத்தை எடுத்துவிடலாம் என்று சாக்குச் சொல்லி ரோடெல் படக்குழுவை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த மட்டும் அவனுக்கு இங்கிதம் உண்டு.

"பசிக்குது நானாய்" என்றாள் எர்மி.

சலுத் சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். எர்மி கையாலேயே பிசைந்து சாப்பிட்டாள். மீனை முள்ளெடுத்து வைக்க வைக்கத் தட்டு காலியாயிற்று. எதிரில் உட்கார்ந்த சலுத்துக்கு வேஷத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டது. மாதக்கணக்கு கழித்து அவள் மேசையில் மகளின் கை சோற்றை அள்ளுகிற சத்தம் கேட்டது.

"உப்பு?" என்றாள்.

"சரியா இருக்கு."

"நெசமா சொல்லு."

"நெசமா. இன்னும் கொஞ்சம் போடுங்க. மாமியார் வீட்ல நல்லாத்தான் பாத்துக்கறாங்க, குறை சொல்லக் கூடாது. ஆனா சாப்பிடும்போது பேச ஆளில்ல. அவரு போன் பண்ணா அலைச் சத்தம்தான் கேக்குது."

"உனக்குமா அப்படி?" என்றாள் சலுத். இத்தனை நாளும் தனிமை தன் ஒருத்தி சொத்து என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

 எர்மி கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இறுக்கிப் பிடிச்ச மாதிரி." கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பவும்" என்றாள்.

 எட்டாம் மாதத்தில் சும்மாவும் இறுக்கும், சலுத்துக்கும் இறுக்கியிருக்கிறது. ஆனால் சும்மா இல்லாமல் போனால்? ஜன்னல் வழியாக அவள் நாக்கை நீட்டியதை ஊரே பார்த்திருக்கிறது. வயிற்றில் கை வைத்ததைப் பார்த்திருக்கிறது. அதோடு சாப்பிட்டாள் என்பதும் சேர்ந்தால், ஊர் தன்னைச் சொல்வது இருக்கட்டும், எர்மியைச் சொல்லும். தெரிந்தே போய்த் தின்று பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்தவள் என்று சாகும்வரை சொல்லும். இவள் அந்த மாமியார் வீட்டில்தான் வாழ்ந்தாக வேண்டும்.

வாசலில் முச்சக்கர வண்டி வந்து நின்றது. யாரோ சேதி சொல்லியிருக்கிறார்கள். பசிங் திவசத்துக்கு உடுத்திய கறுப்பு உடையோடு இறங்காமலே உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி. கையைக் கழுவு" என்றாள் சலுத்.

"நான் இங்கேயே இருக்கேன் நானாய். வலி நிக்கட்டும்."

"எந்திரின்னா எந்திரி. கார்லயோ வண்டியிலயோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், அதுக்கு அவங்க வேணும். இங்க வண்டி கூப்பிட்டா யாரு வருவா?"

குடத்துத் தண்ணீரை அவள் கையில் ஊற்றினாள். மிச்சச் சோற்றோடு தட்டை முறத்தால் மூடினாள். மகளின் இடுப்பை அணைத்துக்கொண்டு வாசல்வரை நடத்திவந்தவள், வேலியருகே வந்ததும் கையை விலக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். மாமரத்தடியில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

சலுத் அவர்களுக்கும் கேட்கும்படியாகவே பேசினாள்.

"இவளுக்கு லேசா இறுக்குதாம், சம்பந்தியம்மா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. இங்க அவ எதுவும் சாப்பிடல. என் கையால ஒரு பருக்கைகூடக் குடுக்கல. படத்துக்குப் படுக்கச் சொன்னாங்க, படுத்தா, அவ்வளவுதான்."

எர்மி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "நானாய்" என்றாள்.

"ஏறு" என்றாள் சலுத்.

பசிங் கையை நீட்டி மருமகளின் வலது கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை. தூக்கித் தன் மூக்கருகே கொண்டுபோனாள். அவசரத்தில் வெறும் தண்ணீரில் கழுவிய கை. மீன் வாசனை எங்கே போகும்.

பசிங் சலுத்தைப் பார்த்தாள். மாமரத்தடியைப் பார்த்தாள். எர்மி வாயைத் திறப்பதற்குள் அவள் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, தோளில் கிடந்த கறுப்புத் துப்பட்டாவை அதன்மேல் போட்டு மூடினாள்.

"வண்டியை எடு" என்றாள்.